இரண்டு கிராம் பாரம்

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் நடக்கிறவர்கள் பித்தளைப் புனலிடமிருந்து தப்ப முடியாது. 1568ல் கட்டப்பட்ட யூத ஆலயத்தை நோக்கிப் போகும் அந்தக் குறுகலான தெருவின் இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். வாசலில் பளபளவென்று கிராமபோன்கள். அவற்றில் பலவற்றின் வயது சில மாதங்கள்தான் என்பது விற்கிறவருக்குத் தெரியும். வாங்குகிற சுற்றுலாப் பயணிக்கும் ஓரளவு தெரியும் என்றே நினைக்கிறேன். புதுப் பெட்டி, புதுப் புனல், எங்கிருந்தோ கழற்றிய பழைய மோட்டார். பாட வைத்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்க அது போதும்.

அன்று நான் தேடிப் போனது, பாட வைக்கிற ஆளை. தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் துண்டில் சுற்றிய ரிக்கார்டு பிளேயர். கையில் அட்டை உறையோடு ஒரே ஒரு இசைத்தட்டு: எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம். 1963ல் எச்.எம்.வி. வெளியிட்ட அந்த எல்.பி. எத்தனை தமிழ் வீடுகளில் பொழுதை விடிய வைத்தது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. மார்கழியில் மட்டுமல்ல, வருஷம் முழுவதும் விடிகாலையில் அப்பா அதைப் போடுவார். காபி டிகாக்ஷன் இறங்குகிற வாசனையும் அந்தக் குரலும் எனக்கு இன்றும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு கொச்சிக்கு வந்துவிட்டார். கூடவே இசைத்தட்டுகளும் பிளேயரும் வந்தன. பழைய கார்ட்ரிட்ஜ் உயிரை விட்டிருந்தது. கார்ட்ரிட்ஜ் என்பது கையின் நுனியில் ஊசியைத் தாங்கி நிற்கும் சின்னப் பெட்டி. ஊசியின் நடுக்கத்தை மின்சாரமாக மாற்றுவது அதுதான். புதிதாக ஒன்று வாங்கி நானே மாட்டினேன். கூட வந்த தாளில், ஊசியின் பாரம் 1.8 கிராமிலிருந்து 2.2 கிராம் வரை இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பாவின் தட்டுகள் அறுபது வருஷம் பார்த்தவை, இனிமேலாவது தேயாமல் இருக்கட்டும் என்று நினைத்து ஒரு கிராமில் நிறுத்தினேன். இது பாசத்தில் செய்தது. இந்தக் கட்டுரையின் குற்றவாளி அந்தப் பாசம்தான். அது எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

சில மாதங்களில் பாட்டு கிழிய ஆரம்பித்தது. சுப்ரபாதத்தில் எங்கு பார்த்தாலும் 'ஸ'வும் 'ஷ'வும்தான். அந்த எழுத்துகள் வரும் இடமெல்லாம் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பக்கத்தின் முடிவை நெருங்க நெருங்க அது அதிகமாயிற்று. அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "உங்கப்பா போட்டுப் போட்டுத் தேச்சதுடா. இனிமே அவ்வளவுதான்."

நானும் நம்பினேன். இன்னும் விலை கூடின கார்ட்ரிட்ஜ் வாங்கினால் சரியாகுமோ என்று விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மலையாள நண்பர் சொன்னார்: "பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் மட்டாஞ்சேரியில் ஒருவரைப் பாருங்கள். உங்கள் ஊர்க்காரர்தான்."

'உங்கள் ஊர்க்காரர்' என்பது பாதி உண்மை. ஃபோர்ட் கொச்சியின் வெளி மைதானத்துப் பக்கம் டோபி கானா என்று ஒரு சலவைத் துறை இருக்கிறது. கல் தொட்டிகள், கொடிகள், கரி இஸ்திரிப் பெட்டிகள். அங்கே வெளுக்கிறவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து தங்கள் முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள் என்று சொல்கிறார்கள். நான் பார்க்கப் போனவர் அந்த வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். துறைக்குப் போகாமல் ரேடியோ மெக்கானிக்கிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். மிளகும் சுக்கும் மணக்கிற ஒரு சந்தில் ஆறடிக்கு எட்டடி இடம். அலமாரி முழுக்கத் திறந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபயர்கள்.

இசை இந்த ஊருக்குப் புதிதல்ல. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தக்கினி முஸ்லிம்கள், தமிழர்கள் எல்லோரும் நெருக்கியடித்து வாழ்கிற மட்டாஞ்சேரியில் இந்திப் பாட்டு பொதுமொழி. 1951ல் வந்த 'ஜீவிதநௌகா' படத்தில் பாடிய மெஹ்பூப், சினிமாவைவிடக் கொச்சியின் கல்யாண வீடுகளில்தான் அதிகம் பாடினார். 1981ல் அவர் இறந்தார். மலையாளத்தில் கஜல் பாடிப் பேர் வாங்கி 2018ல் மறைந்த உம்பாயியும் இந்த ஊர்க்காரர்தான். "மெஹ்பூப் பாய் பாடினா மைக் வேண்டாம் தம்பி. தெருவே கேட்கும்" என்றார் அண்ணன். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் தமிழில் பாதி மலையாளம் கலந்திருந்தாலும் அந்தத் 'தம்பி' கலப்படமில்லாதது.

முதலில் அவர் பாட்டைக் கேட்கவில்லை. நகைக்கடைக்காரர் போலக் கண்ணில் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு ஊசியைப் பார்த்தார். "நல்ல ஊசி. முனை போகல்லை. உட்கார்ந்திருக்கிற இருப்புதான் சரியில்லை." அப்புறம் தங்கம் நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசை எடுத்துத் தட்டின் மேல் வைத்து, ஊசியை அதன்மேல் இறக்கினார். 1.02 என்று காட்டியது. என்னைப் பார்த்தார். நான் என் பாசத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார்.

வாசகர்கள் பொறுத்துக்கொண்டால், அவர் எனக்கு விளக்கியதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகிறது. 22 நிமிஷம் ஓடுகிற பக்கத்தில் அதை நீட்டிப் போட்டால் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 'வி' எழுத்து மாதிரி இரண்டு சரிவான சுவர்கள். உள்பக்கச் சுவர் இடது ஸ்பீக்கருக்கு, வெளிப்பக்கச் சுவர் வலது ஸ்பீக்கருக்கு. 1950களின் கடைசியில் ஸ்டீரியோ தட்டுகள் வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஊசி அந்த இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தொட்டுக்கொண்டே போக வேண்டும். சுவரின் நெளிவுதான் பாட்டு.

பாரம் குறைந்தால் என்ன ஆகும்? பாட்டு மெதுவாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. குரல் உயரும்போது, 'ஸ' வரும்போது, சுவர் வேகமாக நெளியும். பாரமில்லாத ஊசி அதைப் பின்பற்ற முடியாமல் ஒரு கணம் சுவரைவிட்டு விலகி, மறுகணம் வந்து மோதும். ஊசி வைரம், தட்டு பிளாஸ்டிக். ஒவ்வொரு மோதலும் ஒரு கொத்து. "அம்மியைக் கொத்தற மாதிரி" என்றார் அண்ணன். பாரம் கூடினால் சுவர் மெல்லத் தேயும். ஆனால் பாரம் போதாவிட்டால் சுவர் உடையும். இரண்டில் இரண்டாவதுதான் மோசம். இரண்டு கிராம் என்பது நாற்பது மிளகின் எடை. அவ்வளவுதான். ஆனால் அது இறங்குகிற இடம் தலைமுடியைவிடச் சிறியதால், அங்கே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு டன் கணக்கில் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தப்பையும் நம் வீடுகளில் செய்திருக்கிறோம். பாட்டு தாவினால் கையின் தலையில் நாலணா வைப்பது. 1970களின் 25 பைசா நாணயம் இரண்டரை கிராம். அதாவது இரண்டு கிராம் கேட்கிற ஊசிக்கு நாலரை கிராம். அந்த நாணயம் 2011ல் செல்லாததாகிவிட்டது. அது விட்டுப் போன தேய்மானம் மட்டும் தட்டுகளில் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கோணம். தட்டை வெட்டுகிற இயந்திரத்தின் உளி ஓரத்திலிருந்து நடுவுக்கு நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டுப் பிளேயரின் கையோ ஒரு முளையில் சுழல்கிறது. அதனால் ஊசி போவது வில்லைப் போன்ற வளைவில். நேர்கோட்டில் எழுதியதை வளைவில் வாசிக்கிறோம். முழுப் பொருத்தம் கிடைக்கவே கிடைக்காது. 1938ல் லோஃப்கிரென் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியியலாளர் இந்தக் கணக்கைப் போட்டு, பிழையை எப்படிக் குறைவாக வைத்துக்கொள்வது என்று காட்டினார். கையின் தலையைக் கொஞ்சம் திருப்பி, ஊசி தட்டின் நடு முளையைச் சில மில்லிமீட்டர் தாண்டி நிற்கும்படி மாட்டினால், வளைவில் இரண்டு இடங்களில் பிழை பூஜ்யமாகும். இன்று பரவலாகப் பயன்படுகிற கணக்கில் அவை நடுவிலிருந்து ஏறத்தாழ 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் வருகின்றன. மற்ற இடங்களில் பிழை தாங்கக்கூடிய அளவில் நிற்கும்.

அந்த இரண்டு புள்ளிகளும் அச்சிட்ட ஒரு அட்டையைத் தட்டின் இடத்தில் வைத்து, ஊசியை முதல் புள்ளியில் இறக்கினார். கார்ட்ரிட்ஜின் பக்கம் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். என்னுடையது கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்திருந்தது. இரண்டு திருகுகளைத் தளர்த்தி, முடி அளவு நகர்த்தி, இரண்டாவது புள்ளியில் பார்த்து, மறுபடி முதல் புள்ளிக்கு வந்து, இப்படி முக்கால் மணி நேரம். கடைசியில் ஊசி இரண்டு மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது.

இரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. வெளி ஓரத்தில் அந்த நேரத்தில் ஊசிக்கடியில் 92 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. பக்கம் முடிகிற இடத்தில் அதே நேரத்தில் 38 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்திருக்கிறார்கள். வெளியே மன்னிக்கப்படுகிற கோணல் உள்ளே மன்னிக்கப்படுவதில்லை. கடைசிப் பாட்டு மட்டும் கிழிகிற வீடுகளில் எல்லாம் பழி தட்டின்மேல் விழுகிறது. முதலில் பார்க்க வேண்டியது ஊசி உட்கார்ந்திருக்கும் கோணத்தை.

பிறகு ஒரு சின்ன முகக்கண்ணாடியைத் தட்டின் மேல் வைத்து ஊசியை அதில் இறக்கினார். ஊசியும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தெரிந்தால் இரண்டு சுவருக்கும் சம பங்கு. கை தட்டுக்கு இணையாகப் படுத்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பார்த்தார். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பிளேயரின் மேல் வைத்து, ஒரு காலுக்கடியில் மடித்த காகிதம் கொடுத்தார். திரும்பவும் தராசு. ஊசி முன்னால் நகர்ந்ததில் பாரமும் கொஞ்சம் மாறியிருந்தது. "ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு கலையும். அதனால எடை முதல்லயும் பார்க்கணும், கடைசியிலயும் பார்க்கணும்." இரண்டு கிராமில் நிறுத்தினார்.

கடைசியாக, நான் இரண்டு வருஷமாக எதற்கென்றே தெரியாமல் பூஜ்யத்தில் விட்டிருந்த ஒரு சின்னக் குமிழ். தலையைத் திருப்பி மாட்டிய கையை, ஓடுகிற தட்டு எப்போதும் நடுவை நோக்கி இழுக்கும். அதனால் ஊசி உள்சுவரில் அழுந்தும், வெளிச்சுவரில் பிடி தளரும். அந்த இழுப்பை எதிர்த்துக் கையை மெல்ல வெளிப்பக்கம் இழுத்துப் பிடிப்பதற்குத்தான் அந்தக் குமிழ். அதை இரண்டில் வைத்தார்.

பின்பு தட்டைக் கழுவினார். கொச்சி மழையில் காளான் பிடிக்காத தட்டு கிடையாது. வடித்த நீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம், மெத்தென்ற துணி, பள்ளம் போகிற திசையிலேயே துடைப்பு. "துணியானாலும் தட்டானாலும் அழுக்கைத்தான் எடுக்கணும், நூலை எடுக்கக் கூடாது. அப்பன் சொன்னது." பழைய 78 தட்டுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: அவை அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். அவற்றுக்கு ஊசியும் வேறு. ஸ்டீரியோ எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான் என்றால் 78க்கு 75 மைக்ரான் வேண்டும். எல்.பி. ஊசியை அதில் ஓட்டினால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் பாடும்.

எல்லாம் முடிந்து ஊசியை இறக்கினார். அந்த ஆறடிக்கு எட்டடிக்குள் கும்பகோணம் வந்து உட்கார்ந்தது. 'ஸ' வெறும் 'ஸ'வாகக் கேட்டது. தம்பூரா எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டலாம் போலிருந்தது. அறுபது வருஷத் தட்டு. அப்பா தேய்த்துத் தீர்த்துவிட்டதாக வீட்டில் தீர்ப்பான தட்டு.

ஆனால் முழுவதும் சரியாகவில்லை. குரல் ஓங்குகிற சில இடங்களில் அந்தக் கிழிசல் கொஞ்சம் மிச்சமிருந்தது. "இது அப்பா காலத்துத் தேய்மானமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஆம்ப்ளிஃபயரின் பாலன்ஸ் குமிழை முழுக்க வலப்பக்கம் திருப்பினார். கிழிசல் பளிச்சென்று கேட்டது. முழுக்க இடப்பக்கம் திருப்பினார். சுத்தமான குரல்.

"கனமான பழைய ஊசி ரெண்டு சுவரையும்தான் தேய்க்கும். பாட்டு மங்கும், கிழியாது. இது ஒரு பக்கம் மட்டும் கொத்துப்பட்டிருக்கு. வெளிச்சுவர். எடை பத்தாம, இழுப்பைத் தடுக்காம ஓட்டினது. பழசில்லை தம்பி."

அப்பா நிரபராதி. அவர் காலத்தில் ஐந்து கிராம் கனத்தோடு தினமும் ஓடிய ஊசி செய்யாத காரியத்தை, என் ஒரு கிராம் கரிசனம் இரண்டு வருஷத்தில் செய்திருக்கிறது. அதை எந்தக் கார்ட்ரிட்ஜும் இனி சரி செய்யாது.

நான் பிழைப்புக்கு மொழிபெயர்க்கிறவன். இந்தத் தப்பை வேறொரு இடத்திலும் செய்திருக்கிறேன் என்று அன்று படகில் திரும்பும்போது தோன்றியது. மூல ஆசிரியரைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற பயத்தில் வாக்கியத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்து போயிருக்கிறேன். சாதாரணப் பக்கங்களில் அது தெரியாது. எழுத்தாளர் குரலை உயர்த்துகிற இடத்தில் என் தமிழ் தடம்விட்டுத் தாவியிருக்கும். அங்கே கிழிந்தது மூலம் என்று வாசகர் நினைத்திருப்பார். பக்தியோடு விலகி நிற்பதும் ஒருவகையில் அவமரியாதைதான். மூலத்தின்மேல் முழு எடையும் வைக்க வேண்டும். அதற்குமேல் ஒரு மிளகுகூட வைக்கக் கூடாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இசைத்தட்டு திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022ல் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பிறகு முதல் தடவையாக, சி.டி.க்களைத் தாண்டியது. இங்கேயும் பழைய எச்.எம்.வி.யின் வாரிசான சரிகம புதிய எல்.பி.க்களை விற்கிறது. பரணில் கிடக்கும் தாத்தாவின் தட்டுகளைப் பேரன்கள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் புதிய ஊசி வாங்குவார்கள், விலை கூடிய ஸ்பீக்கர் வாங்குவார்கள். சில நூறு ரூபாய்த் தராசும், ஒரு அட்டையும், ஒரு முகக்கண்ணாடியும், ஒரு மாலைப் பொழுதும் இல்லாததால் தாத்தாவின் தட்டை அறியாமலேயே கொத்திவிடுவார்கள். ஊசி வாங்கும்போது வரும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் போட்டிருக்கும் எடையை வையுங்கள். ஊசிக்கும் ஆயுள் உண்டு. முனையின் வடிவத்தைப் பொறுத்து 300 முதல் 1,000 மணி நேரம். அதற்குமேல் ஓட்டினால் அதுவே உளியாகிவிடும்.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. தேய்த்தது அப்பா இல்லை, நான்தான் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவை இத்தனை நாள் குறை சொன்னதை நினைத்திருக்கலாம்.

ஒரு நல்ல செய்தியையும் சொன்னேன். சுப்ரபாதம் மோனோ பதிவு. ஸ்டீரியோ போல இரண்டு சுவரிலும் வேறு வேறு ஒலி இல்லை. ஒரே பாட்டு இரண்டு சுவரிலும் இருக்கிறது. ஒன்று கெட்டாலும் மற்றதிலிருந்து முழுப் பாட்டையும் எடுத்துவிடலாம். இடது பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்ப அண்ணன் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக் கொடுத்திருந்தார். மொத்தக் கூலி, யூதத் தெருவில் ஒரு பித்தளைப் புனலின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

மறுநாள் விடிகாலை அம்மாதான் என்னை எழுப்பினார். "டிகாக்ஷன் இறங்கிடுச்சு. அந்த நல்ல சுவரைப் போடு."